வலப்புறம் சாய்ந்த அச்சு

ஐம்பது வயதைக் கடந்தவர் ஒருவரேனும் உள்ள வீட்டில், பழைய இ.சி.ஜி. தாள் ஒன்று அலமாரியில் இல்லாதிருப்பது இந்நாளில் அரிது. வேலையில் சேருமுன் நடக்கும் வைத்தியப் பரிசோதனை, கண்புரை அறுவை, மார்பு வலி என்று எதற்காகப் போனாலும் நம்மைப் படுக்கவைத்து, கைகால்களிலும் மார்பிலும் கம்பிகளைப் பொருத்தி, சிறிது நேரத்தில் கட்டங்கள் இட்ட தாளொன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது வரும் யந்திரங்கள் கோடுகளை வரைவதோடு நிற்பதில்லை. தாளின் தலைப்பில் தம் அபிப்பிராயத்தையும் ஆங்கிலத்தில் அச்சடித்துத் தருகின்றன. அப்படி அச்சாகும் சொற்றொடர்களுள் ஒன்று 'ரைட் ஆக்ஸிஸ் டீவியேஷன்' என்பது. வலப்புற அச்சு விலகல் என்று தமிழில் கூறலாம். வைத்தியரைக் காண அடுத்த வாரந்தான் முறை கிடைத்திருக்கிறது என்றால், இந்த மூன்று சொற்களும் ஒரு குடும்பத்தின் உறக்கத்தை அதுவரை கெடுக்கப் போதுமானவை. வேறு சில வீடுகளிலோ, "ஏதோ விலகியிருக்கிறதாம்" என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். பிறகு அதை எவரும் பார்ப்பதில்லை.

நான் வைத்தியன் அல்லன். ரயில்வே அலுவலகமொன்றில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். எனினும் எங்கள் குடியிருப்பில், "இதில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லப்பா" என்று இத்தகைய தாளோடு வரும் பெரியவர்கள் பலர். அவர்களுக்கு விடை சொல்லவேண்டி, வைத்தியர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

இருதயம் ஒவ்வொரு முறை சுருங்குமுன்னரும் அதன் தசையில் மெல்லிய மின்னோட்டம் ஒன்று பரவுகிறது. அதனை உடலின் மேற்பரப்பிலிருந்தே பிழையற வரைந்துகாட்டும் கருவியை அமைத்தவர், ஹாலந்து தேசத்து லைடன் நகரப் பேராசிரியர் வில்லம் ஐன்த்தோவன். அவர் பிறந்தது நமக்குக் கிழக்கே ஜாவாத் தீவில், 1860-ஆம் ஆண்டில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை உள்ளது. அதனை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் நிரம்பிய ஜாடிகளில் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும். 1924-ஆம் ஆண்டில் இதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்று நம் கைகளிலும் கால்களிலும் பொருத்தும் பிடிகள் அந்த ஜாடிகளின் வழித்தோன்றல்களே.

இனி அச்சு என்பது யாது? ஊர்த் தேரோட்டத்தை நினைத்துக்கொள்வோம். தேருக்கு இரண்டு வடங்கள். இட வடத்தில் நூறு பேரும் வல வடத்தில் முப்பது பேருமாக நின்று, ஆளுக்கொரு திசையாகச் சற்று விலகி இழுத்தால் தேர் எப்பக்கம் செல்லும்? இடப்பக்கமே சாயும். இருதயத்திலும் அவ்வாறே. உடல் முழுவதற்கும் இரத்தத்தை உந்தித் தள்ளும் இடக் கீழறையின் சுவர் சுமார் பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ளது. பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தை அனுப்பும் வலக் கீழறைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு தடிப்பே போதும். இடப்பக்கத்தில் அழுத்தம் 120 என்றால் வலப்பக்கத்தில் 25 அளவே. ஆகவே மின்னோட்டங்கள் யாவும் சேர்ந்து இழுக்கும் மொத்தத் திசை, கீழ்நோக்கியும் சற்று இடப்புறமாகவும் அமைகிறது. அந்தத் திசையையே அச்சு என்கிறார்கள்.

அதனை அளக்க ஒரு வட்டம் வகுத்திருக்கிறார்கள். இடக்கையை நோக்கிய கிடைக்கோடு 0 பாகை. பாதத்தை நோக்கிய நேர்கோடு 90 பாகை. வளர்ந்தவர்களுக்கு அச்சு, கிடைக்கோட்டுக்கு மேலே 30 பாகையிலிருந்து கீழே 90 பாகை வரையில் எங்கே இருந்தாலும் சாதாரணம். 90-ஐத் தாண்டி வலக்கைப் பக்கமாக 180 வரை சென்றால் அது வலப்புற விலகல். தாளில் இதைக் கண்டுகொள்வது கடினமன்று. ரோமன் எழுத்தில் ஒன்று என்று குறித்த முதல் வரிசையில் உயர்ந்த முனை மேல்நோக்கி எழுவதே வழக்கம். அது கீழ்நோக்கித் தொங்கி, 'ஏ.வி.எஃப்.' என்னும் வரிசையில் மேல்நோக்கி எழுமாயின், அச்சு வலப்புறம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஆக, இது ஒரு நோயின் பெயர் அன்று. தேர் எத்திசை இழுபடுகிறது என்ற செய்தி மட்டுமே. ஏன் அத்திசை சென்றது என்பதைத் தேடிக் காண வேண்டும்.

சில சமயங்களில் காரணம் ஒன்றுமே இராது. பிறந்த குழந்தைக்கு அச்சு வலப்புறம் இருப்பதே இயல்பு. கருப்பையில் நுரையீரல் விரியாமல் இருந்தபோது வலக் கீழறை இடக் கீழறைக்கு ஈடாக உழைத்திருக்கும். பிறந்த பிறகு மாதங்கள் செல்லச் செல்ல அச்சு இடப்புறம் திரும்பும். ஒல்லியாய் உயர்ந்து வளர்ந்த இளைஞர்களுக்கு இருதயம் மார்பில் செங்குத்தாகத் தொங்குவதால் அச்சு 90-ஐ ஒட்டியோ சற்றுக் கடந்தோ நிற்பதுண்டு. இன்னும் வேடிக்கை, கம்பியை மாற்றிப் பொருத்துவது. வலக்கைக் கம்பியை இடக்கையிலும் இடக்கைக் கம்பியை வலக்கையிலும் மாட்டிவிட்டால், எவ்வளவு நல்ல இருதயமும் வலப்புறம் சாய்ந்ததாகத் தாளில் காட்சியளிக்கும். எங்கள் குடியிருப்பில் வேலைக்குத் தேர்வாகியிருந்த பையன் ஒருவன், பரிசோதனைக் கூடமொன்றில் எடுத்த அத்தகைய தாளால் பத்து நாட்கள் அன்ன ஆகாரமின்றித் திரிந்தான். மூத்த வைத்தியர் தாளைக் கண்டதும், "முதல் வரிசையில் எல்லா முனைகளுமே தலைகீழாக இருக்கின்றனவே, கைக்கம்பிகள் மாறியிருக்கும், மறுபடி எடு" என்றார். மறுதாளில் ஒரு குறையும் இல்லை. பிறவியிலேயே இருதயம் மார்பின் வலப்பக்கம் அமைந்தவர்களுக்கும் இத்தகைய தாளே கிடைக்கும். ஆனால் அவர்கள் மிகச் சிலர்.

உண்மையாகவே வல வடத்தில் ஆள் பெருகிவிடும் நிலைதான் நாம் கவனிக்க வேண்டியது. நுரையீரலுக்குச் செல்லும் வழியில் தடை ஏற்பட்டால், மெல்லிய சுவருள்ள வலக் கீழறை அத்தடையை எதிர்த்து உழைத்து உழைத்துத் தடித்துவிடுகிறது. அதன் மின்னோட்டமும் வலுக்கிறது, அச்சு திரும்புகிறது.

என் அலுவலக நண்பர் ஒருவர், தந்தை காலமான பிறகு தஞ்சை ஜில்லாக் கிராமத்திலிருந்து தம் தாயாரை டில்லிக்கு அழைத்து வந்தார். அந்த அம்மாள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர். அதோடு, பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டுக் கொல்லையில் ஊராருக்கு நெல் அவித்துக் கொடுத்தும் சம்பாதித்தவர். இங்கே வந்ததும் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. "வயதாகிவிட்டது, டில்லிக் குளிர் வேறு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார்கள். கால் வீங்கியது. நாள் முழுதும் தொலைக்காட்சி முன் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருப்பதால் என்றார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் உதடு கருநீலமாகத் தொடங்கிய பிறகே இ.சி.ஜி. எடுத்தார்கள். அச்சு 120 பாகை. நண்பர் அதை மாரடைப்பு என்றே முடிவு செய்து, சேமநிதியிலிருந்து கடன் வாங்க விண்ணப்பமும் எழுதிவிட்டார்.

வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு அந்த அம்மாளிடம் கேட்ட முதற் கேள்வி, "எந்த அடுப்பில் சமைத்தீர்கள், எத்தனை வருஷம்?" என்பது. பிறகு குழாயில் ஊதச் செய்து சுவாசத்தின் அளவைப் பார்த்தார். எக்கோ பரிசோதனையில் வலக் கீழறையின் அழுத்தத்தைக் கணித்தார். இருதயத்தின் இரத்தக் குழாய்களில் குறையில்லை. புகையால் நுரையீரல் கெட்டு, அதன் சுமை வலப்பக்க இருதயத்தின் மேல் விழுந்திருக்கிறது என்றார். உறிஞ்சும் மருந்தும், நீர் பிரியும் மாத்திரையும், வீட்டில் வைத்துக்கொள்ளும் பிராணவாயு யந்திரமுமாக இப்போது காலம் செல்கிறது. பழுதுபட்ட நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. எனினும் கால் வீக்கம் வடிந்து, தம் கையால் காப்பி கலக்கும் அளவுக்கு அவர் தேறியிருக்கிறார். நான் பார்க்கப் போயிருந்தபோது அவர் கேட்டது இது: "பீடி சுருட்டு பிடிக்கிற ஆம்பிளைக்கு வருகிற வியாதி என்கிறார்களே தம்பி, எனக்கு எதற்காக வந்தது?"

இக்கேள்விக்கு விடை இதே டில்லி மாநகரில் 1950-களிலேயே தேடப்பட்டது. தேடியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பதை நம்மவர் பலர் அறியார். டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி 1917-ஆம் ஆண்டில் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் வைத்தியம் பயின்றவர். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது தாயாருடனும் சகோதரிகளுடனும் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பின்னர் லண்டனிலும், அமெரிக்காவில் ஹெலன் டாஸிக், பால் டட்லி ஒயிட் ஆகிய பேராசிரியர்களிடமும் இருதய வைத்தியம் கற்று, டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வடஇந்தியாவில் இருதயத்தினுள் குழாய் செலுத்திச் சோதிக்கும் முதற்கூடத்தை அங்கே அமைத்தவரும் அவரே.

நுரையீரல் கெட்டு அதன் விளைவாக வலப்பக்க இருதயம் பாதிக்கப்படுவதை 'கார் பல்மொனேல்' என்பார்கள். டில்லியில் இந்நோய் கண்ட 127 பேரை ஆராய்ந்து, அவரும் அவருடைய சகாவான டாக்டர் பாதக்கும் 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க இருதயச் சங்கத்தின் 'சர்க்குலேஷன்' இதழில் கட்டுரை வெளியிட்டனர். மேல்நாடுகளில் அது பெரும்பாலும் புகை பிடிக்கும் ஆண்களின் நோய். டில்லியிலோ, புகையிலையைத் தொடாத பெண்களிடத்தும் ஆண்களுக்குச் சமமாக அது காணப்பட்டது. காற்றோட்டமற்ற சமையலறையில் சாண எருவும் விறகும் எரிக்கும் புகையே காரணமாக இருக்கவேண்டும் என்று அவர்கள் கருதினர். அடுப்புப் புகையை ஒரு நோய்க் காரணமாக உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியது இதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. பத்மாவதி அம்மையார் 1992-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கொரோனா நோய்க்கு இலக்காகி, 103-ஆம் வயதில் டில்லியிலேயே காலமானார்.

ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டத்தை 2016-இல் மத்திய சர்க்கார் தொடங்கியது. இணைப்பு வந்த வீடுகளிலும் உருளை விலைக்கு அஞ்சி விறகையும் கூடவே எரிப்பது நின்றபாடில்லை. நம் வீடுகளில் அடுப்பு மாறிவிட்டது, மெய்தான்; ஆயினும் ஊரிலிருந்து நாம் அழைத்து வரும் தாய்மாரும் பாட்டிமாரும் பழைய புகையை மார்பில் சுமந்துகொண்டே ரயிலேறுகிறார்கள். பழைய க்ஷயரோகத்தால் நுரையீரல் சுருங்கியவர்களுக்கும் இதே கதி நேரலாம். அவர்களைப் பரிசோதிக்கும் வைத்தியரிடம் அடுப்பின் வரலாற்றையும் க்ஷயத்தின் வரலாற்றையும் நாமே எடுத்துச் சொல்வது நலம்; அந்த அம்மாளிடம் கேட்டதுபோல் எல்லோரும் கேட்பதில்லை.

அச்சை வலப்புறம் திருப்பும் மற்றொரு காரணம், இந்நாட்டில் இன்னும் ஒழியாத ருமாட்டிக் ஜுரம். குழந்தைக்குத் தொண்டை வலி வந்து, சில வாரங்களில் ஜுரமும் மூட்டுக்கு மூட்டு தாவும் வீக்கமும் கண்டு, தானே தணிந்துவிடும். பின்னர் ஓசையின்றி இருதயத்தின் மைட்ரல் வால்வு தடித்துக் குறுகும். இடப்பக்கத்து வால்வு குறுகினால் வலப்பக்கம் ஏன் வருந்த வேண்டும் என்று தோன்றலாம். முன் ஸ்டேஷனில் பாதை அடைபட்டால் பின்னாலுள்ள ஸ்டேஷன்களிலெல்லாம் வண்டிகள் தேங்குவது போல, அங்கே தேங்கிய இரத்தம் நுரையீரலில் நிரம்பி, அதற்குப் பின்னாலுள்ள வலக் கீழறையின் மேல் சுமையாகிறது. மேல்நாடுகளில் ஜுரத்துக்கும் வால்வு குறுகலுக்கும் இடையே இருபது ஆண்டுகள் போல் செல்லும். நம் நாட்டிலோ இருபது வயது நிரம்பாதவர்களிடமே அது முற்றிய நிலையில் காணப்படுவதை, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுஜாய் ராயும் சகாக்களும் 1963-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் எடுத்துக்காட்டினர். பல பெண்களுக்கு இக்குறை முதன்முதலாகத் தெரியவருவது கர்ப்ப காலத்தில். இரத்தத்தின் அளவு பெருகும்போது குறுகிய வால்வு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சுத் திணறுகிறது.

குறுகிய வால்வைப் பலூன் கொண்டு விரிக்கும் முறையை ஜப்பானிய வைத்தியர் இனோவே 1984-இல் வெளியிட்டார். பொருத்தமானவர்களுக்கு இன்று மார்பைத் திறக்காமலே அது செய்யப்படுகிறது. அதற்கு முந்திய காவல், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பல ஆண்டுகள் போட வேண்டிய பெனிசிலின் ஊசி. ஊர்விட்டு ஊர் மாறும் நம் போன்ற குடும்பங்கள் தவறவிடுவது இதனைத்தான். பழைய ஊரில் வழக்கமாகப் போட்டு வந்த ஊசி, மாற்றலாகி வந்த ஊரில் பாஷை தெரியாமலும் ஆஸ்பத்திரி புரியாமலும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று பிறகு நின்றே போகும். மறுபடி ஒரு தொண்டை ஜுரம் வந்தால் வால்வு மேலும் கெடும்.

பிறவிக் குறைகளும் உண்டு. நுரையீரலுக்குச் செல்லும் வாயில் குறுகி, கீழறைகளுக்கு இடையே துவாரமும் அமைந்த குழந்தைகள் அழும்போது நீலம் பாரிப்பார்கள். நடந்து விளையாடும் வயதில் ஓடி வந்து குந்தி உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். 1888-இல் இதனை விவரித்த ஃபாலோ என்னும் பிரெஞ்சு வைத்தியரின் பெயராலேயே அது வழங்குகிறது. அத்தகைய குழந்தைக்கு முதல் அறுவை 1944-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்தது. அதற்கு யோசனை கூறியவர் பத்மாவதி அம்மையாரின் ஆசிரியையான டாஸிக்கே. இன்று குறையை முழுவதும் சரிசெய்யும் அறுவை நம் நாட்டிலேயே நடக்கிறது. மேலறைகளுக்கு இடையே உள்ள துவாரமோ முப்பது நாற்பது வயது வரையில்கூடப் புலப்படாமல் இருந்து, வேறெதற்கோ எடுத்த தாளில் வலப்புற அச்சாகத் தலைகாட்டும்.

மேற்கூறியவை யாவும் ஆண்டுக்கணக்கில் வளர்பவை. ஒரே நாளில் அச்சைத் திருப்பக்கூடிய அபாயம் ஒன்றும் உண்டு: காலின் சிரையில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துக்கொள்வது. அறுவைக்குப் பின், பிரசவத்துக்குப் பின், நெடுநாள் படுக்கையில் கிடந்த பின் திடீரென மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, தாளில் என்ன அச்சாகிறது என்று காத்திராமல் அப்பொழுதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இந்நோயில் இ.சி.ஜி. வெறும் வேகமான துடிப்பை மட்டும் காட்டி ஏமாற்றுவதும் சகஜம். சென்னைக்கு ஒரு பகலும் ஓரிரவுமாக ரயிலில் செல்லும் முதியவர்கள் இடையிடையே எழுந்து பெட்டிக்குள் நடப்பது நல்லது. மேல் பெர்த்தை அவர்களுக்குக் கொடுத்து ஏறவும் இறங்கவும் முடியாமல் செய்துவிடுகிறோம். அதனை நான் தினமும் காண்கிறேன்.

வல வடத்தில் ஆள் கூடாமல், இட வடத்தில் ஆள் குறைந்தாலும் தேர் வலப்புறந்தான் திரும்பும். மாரடைப்பால் இடக் கீழறையின் பக்கச் சுவர் செத்துப்போனால் அவ்வாறு நேரும். இடக் கீழறைக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் கிளைகளுள் பின்கிளை பழுதானாலும் நேரும். அது அபூர்வம், மற்றக் காரணங்களையெல்லாம் நீக்கிய பின்னரே அப்படி முடிவு கட்டுவார்கள்.

இவற்றுள் எது என்று வைத்தியர் தேர்ந்தெடுக்க இரண்டு உதவிகள் உள்ளன. ஒன்று எக்கோ, வலக் கீழறை தடித்திருக்கிறதா, வால்வு குறுகியிருக்கிறதா, துவாரம் உண்டா என்பதை அது நேரில் காட்டிவிடும். மற்றது, செலவில்லாதது: நோயாளியின் பழைய இ.சி.ஜி. இருபது வயதிலும் 95 பாகை, நாற்பது வயதிலும் 95 பாகை என்றால் அது பெரும்பாலும் அவருடைய பிறவி அமைப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் 50 பாகையில் இருந்தது இன்று 110 என்றால் அதன் பொருளே வேறு. பழைய தாள் இல்லாவிட்டால் இந்த வித்தியாசத்தை எந்த நிபுணராலும் கண்டு சொல்ல இயலாது.

அந்தத் தாளைப் பற்றி, கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பெரும்பாலான யந்திரங்களில் அது மையால் அச்சாவதன்று. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுள்ள தாள். ஓரிரு ஆண்டுகளில் கோடுகள் வெளிறிவிடும். பத்திரப்படுத்துவதாக எண்ணி லாமினேஷன் செய்தாலோ, அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துப் போகும். எடுத்த வாரத்திலேயே சாதாரணத் தாளில் நகல் எடுத்து, தேதியும் வயதும் எழுதி, வீட்டில் ஆளுக்கொரு உறையில் போட்டு வைக்க வேண்டும். பெனிசிலின் ஊசி போடும் பிள்ளை இருந்தால் ஊசித் தேதிகளும் அதே உறையில் இருக்கட்டும். மாற்றல் உத்தரவு வரும்போது, அந்த உறைகளைப் பார்சலில் போகும் சாமான்களோடு கட்டிவிடாமல், பயணச் சீட்டு வைக்கும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவும்.